திருச்செல்வத்தின் பேரில்

திருச்செல்வம் இறந்த பத்தொன்பதாம் நாள் காலையில் உடையப்பனின் பழைய இரும்புக் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் ‘திருச்செல்வத்தின் வாரிசுகளுக்கு’ என்று மலாயில் அச்சிட்டிருந்தது. உள்ளே ஆறே வரி. உரிமம் பெற்றவர் காலமாகிவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது. அவர் இறந்த தேதியிலிருந்து உரிமம் செல்லாது. பதினான்கு நாளுக்குள் வியாபாரத்தை நிறுத்த வேண்டும். மீறினால் சாமான்கள் பறிமுதல் செய்யப்படும்.

உடையப்பன் அதை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தராசுப் பக்கம் காத்திருந்த ஆளின் பழைய வாஷிங் மெஷினை நிறுத்து எடுத்துக்கொண்டார். மனைவி கலாவதியிடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சொன்னார்.

“என்னா செய்யப் போறீங்க?” என்று கேட்டாள் கலாவதி.

“இன்னும் பதினாலு நாளு இருக்குல்ல.”

ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் சாலையில், செம்பனை மரங்கள் முடிந்து தாமான் என்கிற புதிய குடியிருப்பு வீடுகள் தொடங்குகிற இடத்தில் அந்தக் கடை இருந்தது. நாலு பக்கமும் தகர வேலி. உள்ளே குவியல் குவியலாக இரும்பு, அலுமினியம், செம்புக் கம்பி, செத்துப்போன பேட்டரிகள். ஓரத்தில் ஒரு கொட்டகை, ஒரு மேசை விசிறி, ஒரு பெரிய தராசு. இடம் வாடகை. மற்றதெல்லாம் உடையப்பன் சேர்த்தது. ஆனால் எழுத்தில் அந்தக் கடை ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை.

உடையப்பன் பக்கத்துக் கில்மார் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பதிந்துவிடுவார் என்று அவர் அப்பா நினைத்தார். அப்பா போய்ப் பதிவார் என்று கிராணி நினைத்திருக்கலாம். பன்னிரண்டு வயதில் அவர் கைக்கு வந்தது சிவப்பு அடையாள அட்டை. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் இருக்கலாம், உழைக்கலாம், வரி கட்டலாம். குடிமகன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மூன்று தடவை குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனுச் செய்தார். மூன்று தடவையும் காரணம் சொல்லாமல் இல்லை என்று பதில் வந்தது. அவர் கட்டிக்கொண்ட கலாவதியும் அதே லயத்துப் பெண்தான். அவளுக்கும் அதே சிவப்பு.

தொண்ணூற்றாறில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது உடையப்பன் வெளியே வந்து இரும்பு வாங்கி விற்கலாம் என்று பார்த்தார். பழைய சாமான் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்கு நீல அட்டை வேண்டும் என்று அலுவலகத்துக் கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவரோடு போயிருந்தவர் திருச்செல்வம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். திருச்செல்வத்தின் அப்பா மட்டும் எப்படியோ சரியான வருஷத்தில் சரியான கவுண்டரில் போய் நின்றிருந்தார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது திருச்செல்வம் சொன்னார், “என் பேர்ல எடுத்துக்கடா. பேருதானே, தேஞ்சா போவப் போவுது.”

அப்படித்தான் கடை ஆரம்பமானது. திருச்செல்வம் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டிக்கொண்டே இருந்தார். கடைப் பக்கம் வந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசிவிட்டுப் போவார். வருஷத்துக்கு ஒரு தடவை உரிமத்தைப் புதுப்பிக்கக் கோலசிலாங்கூருக்கு வந்து கையெழுத்துப் போடுவார். தீபாவளிக்கு உடையப்பன் கொடுத்தனுப்பும் ஆட்டுத் தொடையைத் தவிர எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

ஒரே ஒரு தடவைதான் அந்தப் பெயருக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் யாரோ விற்றுவிட்டுப் போன செம்புக் கம்பி திருட்டுக் கம்பியாக இருந்தது. போலீஸ் வந்து உரிமக்காரர் யார் என்று கேட்டது. திருச்செல்வத்தை ஆலையிலிருந்து, வேலை உடையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டேசன் வாசலில் உடையப்பன் பதறிப்போய் நின்றார். கம்பியை நிறுத்து வாங்கியது அவர் கை. உள்ளே போகும்போது திருச்செல்வம் மெதுவாகச் சொன்னார், “வாயத் தொறக்காத. கடை ஒன்னோடதுன்னு நீ சொன்னா ரெண்டு பேரும் உள்ள போவோம், கடையும் போயிரும்.”

உடையப்பன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் திருச்செல்வத்தை விட்டார்கள். அவர் அதைப் பற்றி அப்புறம் உடையப்பனிடம் பேசியதே இல்லை. உடையப்பனும் பேசவில்லை. பேசாமல் விட்டது அவருக்குள்ளே அப்படியே கிடந்தது.

*

திருச்செல்வத்தின் மனைவி முன்னமே இறந்துவிட்டாள். ஒரே மகன் சேது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். கடிதம் வந்த வாரக் கடைசியில் உடையப்பன் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். வரவேற்பறையில் திருச்செல்வத்தின் படத்துக்கு இன்னும் மாலை வாடாமல் இருந்தது.

சேது கடிதத்தைப் படித்துவிட்டு மேசை மேல் வைத்தான்.

“மாமா, நான் அரசாங்க வேல பாக்குறேன். வியாபார லைசன்ஸ் எடுக்கணும்னா மேல எழுதிக் கேக்கணும். குடுக்க மாட்டாங்க.”

“கேட்டுப் பாக்கலாமேப்பா.”

சேது கடிதத்தை மடித்து அவர் பக்கம் நகர்த்தினான். உள்ளே அவன் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

“கேக்க எனக்கு மனசு இல்ல மாமா. பொய் சொல்லி அனுப்ப வேணாம்னுதான் சொல்றேன். அப்பாவ போலீஸ் கூட்டிட்டுப் போன அன்னிக்கு எனக்குப் பள்ளிக்கூடம் முடிக்கிற எஸ்பிஎம் பரீட்ச. காலையில கணக்கு பேப்பர். நான் ஸ்டேசனுக்கு வந்தேன். நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமாம்பா.”

“உங்க மேல கோவம் இல்ல. அப்பாதான் உங்கள பேச வேணாம்னு சொன்னாருன்னு பின்னால தெரிஞ்சுது. ஆனா எம்புள்ளைக்கு அந்த மாதிரி ஒரு காலை வேணாம் மாமா.”

உடையப்பன் தலையாட்டினார். கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். வாசல் வரைக்கும் வந்த சேது, “சாப்பிட்டுப் போங்க” என்றான். அவர் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அன்று மாலை அவருக்குத் தெரியாமல் கலாவதி மகளுக்குப் போன் போட்டாள்.

மகள் விஷாலினி ஜெர்மனியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊரில் நாலு வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு இந்த நாட்டில் பிறந்து, முறையாகப் பதியப்பட்டவள் என்பதால் அந்த வீட்டில் நீல அட்டை வைத்திருக்கும் ஒரே ஆள். அவளுக்குப் பதினெட்டு வயது ஆனபோதே உரிமத்தை அவள் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று கலாவதி சொல்லிப் பார்த்தாள். திருச்செல்வம்தான் தடுத்தார். “படிக்கிற புள்ள பேர எதுக்கு இரும்புல இழுக்குற? நான் என்னா செத்தா போயிட்டேன்?”

விஷாலினி என்ன படிக்கிறாள் என்பது உடையப்பனுக்குப் பல நாள் விளங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது கொட்டகையில் உட்கார்ந்து அவரே கேட்டார்.

“முந்நூறு வருஷத்துக்கு முன்னால அந்த ஊருங்கள்ல இருந்த யூத வியாபாரிங்களப் பத்திப்பா. அவங்களுக்கு இருந்த சட்டங்களப் பத்தி.”

“அவங்களுக்குன்னு தனிச் சட்டமா?”

“ஊர்ல குடியிருக்கவே ராஜாகிட்ட ஒரு கடிதம் வாங்கணும். பாதுகாப்புக் கடிதம்னு பேரு. அதுக்கு வருஷா வருஷம் காசு கட்டணும். கைத்தொழில் எதையும் செய்யக்கூடாது, அதுக்கெல்லாம் சங்கம் இருக்கு, சங்கத்துல இவங்களச் சேக்க மாட்டாங்க. பழைய துணி, தோலு, ஆடுமாடு, வட்டிக்கு விடறது, இந்த மாதிரிதான் செய்யலாம். கடிதம் வீட்டுத் தலைவர் பேர்ல இருக்கும். அவர் செத்துட்டா பொண்டாட்டி திரும்ப மனுப் போடணும். புள்ளைங்கள்ல ஒருத்தருக்குத்தான் கடிதம் கிடைக்கும். மத்தவங்க வளந்ததும் ஊர விட்டுப் போயிறணும்.”

உடையப்பன் ஒரு பேட்டரியின் மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப அவங்களுக்கும் செவப்பு ஐசி அட்டைதான்” என்றார்.

விஷாலினி சிரித்துவிட்டாள். ஆனால் திரும்பிப் போனதும் அந்த வாக்கியத்தைத் தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தாள்.

இப்போது அம்மா போனில் அழுவதைக் கேட்டுக்கொண்டு அவள் தன் அறையில் நின்றிருந்தாள். மேசை மேல் கடைசி அத்தியாயம் பாதியில் கிடந்தது. ஒரு தோல் வியாபாரியின் விதவையான பிரைன்லே ஒரு சிற்றரசனுக்கு எழுதிய பதினொரு மனுக்களைப் பற்றிய அத்தியாயம் அது. மூன்று வார லீவு சொல்லிவிட்டு விஷாலினி விமானம் ஏறினாள்.

*

கோலசிலாங்கூரில் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அப்பாவும் மகளுமாகப் போனார்கள். அதிகாரி நோராய்னி என்ற நடுத்தர வயதுப் பெண். மரியாதையாக உட்காரச் சொன்னாள். கோப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

“உங்கள் அப்பாவின் பெயர் இதில் எங்கேயுமே இல்லையே” என்று மலாயில் சொன்னாள்.

“கடையை நடத்துவது அவர்தான். இருபத்தெட்டு வருஷமாக” என்றாள் விஷாலினி.

நோராய்னி குரலைத் தாழ்த்தினாள். “அதை நான் கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன். இன்னொருவர் பெயரில் நடத்துவது குற்றம். எழுத்தில் எதுவும் அப்படிக் கொடுக்காதீர்கள்.”

விஷாலினிக்கு முகம் சுருங்கியது. இருபத்தெட்டு வருஷம் என்பதுதான் அவள் சொல்ல வைத்திருந்த ஒரே பலம். அதைச் சொல்லவே கூடாது என்றால் என்ன மிச்சம்?

ஆனாலும் அவள் ஒரு மனு எழுதினாள். மனு எப்படி எழுதப்படும் என்பது அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. முதலில் பணிவு. பிறகு பிறந்த ஊர், அப்பன் பாட்டன் உழைத்த உழைப்பு. ஒருநாளும் யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை என்ற உறுதி. வயது, நோய், மனைவி. கடைசியில் மறுபடியும் பணிவு. சிறப்பு அனுமதியாகத் தன் பெயரில் ஒரு உரிமம் தர வேண்டும் என்று உடையப்பன் கேட்பதாக மலாயில் ஒன்றரைப் பக்கம். அதை அவரிடம் கையெழுத்துக்குக் கொடுத்தாள்.

அவர் நிதானமாகப் படித்தார். “இவ்ளோ கெஞ்சணுமா?”

“இப்படித்தான்பா எழுதுவாங்க.”

“யாரு?”

“எல்லாரும்.”

கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. விண்ணப்பதாரர் குடியுரிமை பெற்றவர் அல்லர் என்பதால் பரிசீலிக்க இயலவில்லை. குடியுரிமை பெற்ற குடும்ப உறுப்பினர் எவரேனும் இருந்தால் அவர் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மூன்று பேரும் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றிப் பேசவில்லை. உடையப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை துணி காயப்போடும்போது கலாவதிதான் சொன்னாள்.

“ஒம் பேரு இருந்தா போதும்னு போட்டிருக்காங்களேம்மா.”

“பேரு மட்டும் போதாதும்மா. நான் இங்கயே குடியிருக்கணும். கடைய நானே நடத்தணும். வேற வேல, படிப்பு எதுவும் இருக்கக்கூடாது. விதிமுறையில எழுதியிருக்கு. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்.”

கலாவதி ஈரத் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். “அப்பா ஒன்னைக் கேக்க மாட்டாரு. செத்தாலும் கேக்க மாட்டாரு. அதனாலதான் நான் கேக்குறேன்.”

விஷாலினி கொட்டகைக்குப் போனாள். உடையப்பன், கெடு முடிந்து பூட்டிய கேட்டுக்கு உள்ளே, அலுமினியத்தை இரும்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். வாங்கவும் விற்கவும்தான் தடை. பிரிக்கத் தடை இல்லை என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

“அம்மா சொன்னாங்களா?” என்று தலை நிமிராமல் கேட்டார்.

“சொன்னாங்க.”

“வேணாம்.”

“கடை போயிட்டா நீங்க என்னா செய்வீங்க?”

“எதாச்சும் செய்வேன். ஒனக்கு என்னா, இன்னும் எத்தன மாசம் இருக்கு?”

“ஒரு வருஷத்துக்குள்ள முடிச்சிருவேன்.”

“அப்ப போய் முடி.”

அவர் குரலில் கோபமோ பாசமோ எதுவும் தெரியவில்லை. ஆனால் கையிலிருந்த அலுமினியத் துண்டை இரும்புக் குவியலில் போட்டுவிட்டு, அது தப்பான குவியல் என்பதுகூடத் தெரியாமல் அடுத்ததை எடுத்தார். விஷாலினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவள் தன் பேராசிரியருடன் கணினியில் பேசினாள். அவர் நல்ல மனிதர். ஒரு அரையாண்டு விடுப்பு கொடுக்கலாம், அதற்கு மேல் உதவித்தொகையை அவளுக்காகக் காத்து வைக்க வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டுக் கணினியை மூடினாள். அப்புறம் தனியாகவே கோலசிலாங்கூருக்குப் போய், வேறு வேலையோ படிப்போ இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

செய்தியைக் கேட்ட உடையப்பன் எழுந்து குளிக்கப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

*

ஆறு வாரத்தில் பதில் வரும் என்றார்கள். ஏழு மாதம் ஆனது.

கேட்டில் பூட்டு தொங்கியது. உடையப்பன் தினமும் காலை எட்டு மணிக்குப் போய் உள்பக்கமாக உட்கார்ந்துகொள்வார். விற்க வருகிறவர்களிடம் வேலியின் சந்து வழியே, “இன்னும் லைசன்ஸ் வரல, அடுத்த மாசம் பாருங்க” என்று சொல்லுவார். பெரிய ஆட்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். வேலம்மா என்ற கிழவி மட்டும் செவ்வாய்க்கிழமை தோறும் சைக்கிளில் ஒரு சாக்குத் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு வருவாள். வேறு கடை அவள் மிதிக்கிற தூரத்தில் இல்லை.

“இங்கயே வச்சிட்டுப் போறேன் தம்பி. லைசன்ஸ் வந்ததும் எடை போட்டுக்க.”

“வைக்கக் கூடாதும்மா. பாத்தா வாங்கினேம்பாங்க.”

அவள் நாலாவது வாரம் வரைக்கும் வந்தாள். அதற்கப்புறம் வரவில்லை.

விஷாலினி மாதம் இரண்டு தடவை அலுவலகத்துக்குப் போனாள். கோப்பு நிலப் பிரிவில் இருக்கிறது, சுகாதாரப் பிரிவில் இருக்கிறது, திரும்பவும் நிலப் பிரிவில் இருக்கிறது என்றார்கள். நோராய்னி ஒவ்வொரு தடவையும் தானே எழுந்து போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். ஐந்தாவது மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. விடுப்பு முடிகிறது, திரும்புவதாக இருந்தால் தெரிவிக்கவும். அவள் அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். எழுதாமலே எழுந்துவிட்டாள். தேதி தாண்டிப் போனது.

ஏழாவது மாதம் நோராய்னியே போன் செய்து வரச் சொன்னாள். இந்தத் தடவை உடையப்பனும் கூட வந்தார். நீண்ட கை வைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

நோராய்னி கடிதத்தைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். “எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் உங்களை விண்ணப்பிக்கவே சொல்லியிருக்க மாட்டேன். கடைக்குப் பின்னால் அந்தத் தாமான் வந்தபோதே உங்கள் இடம் குடியிருப்புப் பகுதியாக மாற்றப்பட்டுவிட்டது. பழைய சாமான் வியாபாரத்துக்கு அங்கே புது உரிமம் கிடையாது. ஏற்கனவே உரிமம் வைத்திருந்தவர், அவர் உயிரோடு இருக்கும் வரைக்கும் நடத்தலாம் என்று விட்டிருக்கிறார்கள்.”

“அவர் உயிரோடு இருக்கும் வரைக்கும்” என்று விஷாலினி திருப்பிச் சொன்னாள்.

“ஆமாம். அந்த ஆள் இருக்கும் வரைக்கும்தான்.”

“அப்படியென்றால் முதல் நாளே முடிந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே.”

நோராய்னி தலை குனிந்துகொண்டாள். “நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால்…”

உடையப்பனுக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவர் எழுந்து, “தெரிமா காசி புவான்” என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். விஷாலினி வந்து கதவைத் திறந்ததும் உட்கார்ந்தார். கார் ஈஜோக் பக்கம் திரும்பியதும் கேட்டார்.

“ஒனக்கு அந்தக் கடுதாசி திரும்பக் கெடைக்குமா? ஜெர்மனிக்காரங்க ஒன்னைப் படிக்க விட்ட கடுதாசி?”

“கெடைக்கும்பா. எழுதிக் கேட்டா குடுப்பாங்க.”

அது பொய் என்று அவருக்குத் தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

நிலத்துக்காரர் மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். ரவாங்கிலிருந்து ஒரு பெரிய வியாபாரி ஆளனுப்பினார். காந்தம் மாட்டிய கிரேன் லோரி ஒன்று வந்து நின்றது. கூட வந்தவர்கள் சீக்கிரத்தில் வேலையை முடிக்கிறவர்கள். உடையப்பன் பிரித்துப் பிரித்து வைத்திருந்த குவியல்களை ஒன்றாக அள்ளிப் போட்டார்கள்.

“அது செம்பு, தனியா வைங்க” என்று அவர் ஒரு தடவை சொன்னார்.

“எல்லாம் ஒரே வெலதான் பேசியிருக்கு அங்கள்” என்றான் கிரேன் ஓட்டுகிறவன். மரியாதையாகத்தான் சொன்னான்.

மத்தியானத்துக்கு மேல் சேது வந்தான். பள்ளிக்கூட உடையோடு, கழுத்தில் அடையாளப் பட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தகர வேலியைப் பிரிக்க உதவினான். தகரம் கிழித்து அவன் உள்ளங்கையில் ரத்தம் வந்தது. கலாவதி துணி கட்டிவிட்டாள்.

“மாமா, நான் அன்னிக்கு ஆமான்னு சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்தான்.

“நீ சொல்லியிருந்தாலும் இதேதான்பா நடந்திருக்கும். புது ஆளுக்குக் கெடையாதாம்” என்றார் உடையப்பன். பிறகு, “அன்னிக்கு ஸ்டேசன்ல நான் வாயத் தொறந்திருக்கணும். ஒங்கப்பன் சொன்னான்னு சும்மா இருந்தேன். அவனுக்காக இல்ல. கடைக்காகத்தான் சும்மா இருந்தேன்” என்றார்.

சேது கீழே கிடந்த தகரத்தை எடுத்தான். கட்டிய கையோடு தகரங்களை அடுக்கினான்.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் கிரேன்காரன் தராசைக் காட்டி, இதுவும் சேர்த்தா என்று கேட்டான். உடையப்பன் ஆமாம் என்றார். காந்தம் அதைத் தூக்கியபோது தட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. அவர் பார்க்காமல் கொட்டகைக்குள் போய் மேசை விசிறியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

*

விஷாலினி பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தடவை எழுதினாள். முதல் கடிதத்துக்கு அனுதாபமும் இரண்டாவதுக்கு ஒரு படிவமும் பதிலாக வந்தன. பதிவு ரத்தாகிவிட்டது, புதிதாக விண்ணப்பிக்கலாம், உதவித்தொகைக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. படிவத்தை நிரப்பவில்லை. புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆட்கள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட் தேதிகளைப் பார்த்து, முடிகிற மாதத்தில் பெயர்களைப் பிரித்து வைக்கிற வேலை. அதைச் செய்துகொண்டிருக்கும்போது சில நாள் கை அப்படியே நின்றுவிடும். யாராவது கூப்பிட்டால் மறுபடியும் தொடர்வாள்.

வீட்டில் உடையப்பன் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் இல்லை. காலையில் விஷாலினி கிளம்பிய பிறகு அவரும் வெளியே போய்விடுவதாகவும், மத்தியானம்தான் திரும்புவதாகவும் கலாவதி சொன்னாள். எங்கே போகிறார் என்று கேட்டதற்குச் சும்மா நடக்கிறேன் என்றாராம்.

ஒரு திங்கட்கிழமை தொழிற்சாலை வேன் தாமதமாக வந்தது. ஈஜோக் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றபோது, சாலையோரக் கால்வாய்க்குள் ஒருவர் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருப்பதை விஷாலினி பார்த்தாள். தோளில் அரிசிச் சாக்கு. எடுத்த டப்பாவைக் காலால் மிதித்துத் தட்டையாக்கி, சாக்கில் போட்டுக்கொண்டு அடுத்ததைத் தேடினார். தொப்பியைத் தாழ இழுத்து விட்டிருந்தார். தொப்பி அவளுக்குத் தெரிந்த தொப்பி. ஜெர்மனியிலிருந்து அப்பாவுக்காக அவள் வாங்கி வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “இந்த வயசுல பாவம்லா. புள்ளைங்க பாக்கலையோ என்னமோ” என்றாள்.

வேன் கதவு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றால் என்ன சொல்வது என்று விஷாலினி யோசித்தாள். தன்னை அவர் பார்த்துவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

விளக்கு பச்சையானது. வேன் திரும்பிப் புக்கிட் பெருந்துங் பக்கம் போனது.

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது உடையப்பன் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வழிவிட்டு நகர்ந்துகொண்டார்.

“சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டாள்.

“ஆச்சும்மா” என்றார்.